மேஷத்துக்குப் பயம், மகரத்துக்கு அந்நியமாதல்

எங்கள் வீட்டில் ஐரோப்பியத் தத்துவ அறிஞர்களின் பெயர்களைச் சொல்லக் கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறது. சட்டத்தைக் கொண்டுவந்தவர் என் மாமனார். வழிமொழிந்தவர் என் மனைவி. எதிர்த்து ஓட்டுப் போடும் நிலைமையில் நான் அன்று இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆகவே இதில் பெயர்கள் வராது. தாடிக்காரர், வழுக்கைத் தலைக்காரர் என்று அடையாளம் சொல்லித்தான் சமாளிக்க வேண்டும். (அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எல்லோரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.)

குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு வைகாசி மாதத்துப் புதன்கிழமை, சிவகாசியிலிருந்து கிளம்பிப்போன தினசரி காலண்டர் தொங்கிய வீடுகளிலெல்லாம், ஐரோப்பாவின் சில நூற்றாண்டு அரசியல் சிந்தனையும் சேர்ந்து தொங்கியது. தொங்கவிட்டவன் நான்.

அப்போது நான் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை பார்த்தேன். சொந்த ஊர் காரியாபட்டிப் பக்கம். அப்பா அம்மாவுக்கு விவசாயம். பட்டாசு என்றால் தீபாவளிக்கு வெடிப்பது என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். அரசியல் அறிவியலில் எம்.ஏ. முடித்திருந்தேன். கல்லூரி விரிவுரையாளர் தகுதித் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தேன். தோல்விக்குக் காரணம் ஒரே ஒரு தாள், நவீன ஐரோப்பிய அரசியல் சிந்தனை. அந்தத் தாளின் மேல்தான் எனக்குத் தீராத ஆசையும். எங்கேயோ குளிர்தேசத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒருவர் யோசித்தது, எப்படிக் கப்பலேறி வந்து நம் ஊர் ஓட்டுப்பெட்டியிலும் கோர்ட்டிலும் தொழிற்சங்கக் கொடியிலும் வந்து உட்கார்ந்தது என்று யோசிக்க ஆரம்பித்தால் எனக்குச் சாப்பாடே வேண்டாம். ஆனால் பரீட்சையில் போய் உட்கார்ந்ததும் யார் எதைச் சொன்னார் என்பது மொத்தமாகக் குழம்பிவிடும். ஜெர்மன்காரர் வாயில் பிரெஞ்சுக்காரர் பேசுவார்.

இப்போது தினசரி காலண்டரைப் பற்றிக் கொஞ்சம். தேதி, கிழமை, நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் போட்ட பிறகு, தாளின் அடியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பன்னிரண்டு ராசி, ராசிக்கு ஒரே ஒரு சொல். மேஷம் லாபம், ரிஷபம் நட்பு, மிதுனம் தடை என்று. ஜோதிடர் ஒருவர் வருஷத்துக்கும் சேர்த்து நோட்டில் எழுதி அனுப்புவார். அதைக் கணினியில் ஏற்றி, சரிபார்த்து, அச்சுத் தட்டுக்கு அனுப்புவது என் வேலை. வருஷத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் சொற்கள். அத்தனையும் எழுதுகிற மனிதருக்கு அங்கங்கே விட்டுப்போகாதா? விட்டுப்போன இடத்தில் நானே ஒரு சொல்லைப் போட்டுவிடுவேன். வெற்றி, நலம், கவனம், பயம். எது கைக்கு வருகிறதோ அது. (இந்த வரியை மறந்துவிடாதீர்கள். நான் இதைச் செய்யும்போது ஒரு விநாடிகூட யோசித்ததில்லை.)

ராத்திரி பகலாக ராசியைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு ஒரு நாள் மூளை வேலை செய்தது. பன்னிரண்டு சிந்தனையாளர்கள், பன்னிரண்டு ராசி. ஆளுக்கொரு ராசியைக் கொடுத்து, அவர் சொன்னதை ஒரே சொல்லில் சுருக்கிவிட்டால் மறக்கவே மறக்காதே. அந்தச் சமயம் பார்த்து ஜோதிடர் நோட்டில் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டு, ஒரு புதன்கிழமைக்கு மட்டும் பலனே இல்லாமல் போயிருந்தது. திரையில் ராசிகள் வரிசையாக நின்றன, எதிரே பன்னிரண்டு இடமும் காலி. என்னைக் கூப்பிடுவது போலவே இருந்தது. உட்கார்ந்து நிரப்பினேன்.

மேஷம் பயம். (ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பயந்த மனிதர்கள், அந்தப் பயத்தில் உண்டாக்கியதுதான் அரசு என்ற இங்கிலாந்துக்காரர்.) ரிஷபம் சொத்து. கடகம் பொது விருப்பம். கன்னி கடமை. (இவர் சாயங்கால நடை கிளம்புவதைப் பார்த்து ஊரார் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்களாம். எங்கள் அச்சகத்தில் அப்படி ஒருத்தரும் இல்லை.) மகரம் அந்நியமாதல், இது தாடிக்காரர். கும்பம் கண்காணிப்பு, வழுக்கைத் தலைக்காரர். கடைசி ராசி மீனத்துக்கு ஒரு அம்மாவைப் போட்டேன். ஜெர்மனியிலிருந்து உயிர் தப்பி ஓடியவர். உலகத்தில் பெரிய கொடுமைகளைச் செய்தவர்கள் எல்லோரும் கொடியவர்கள் இல்லை, பலபேர் யோசிக்காமல் தங்கள் மேசை வேலையைச் செய்தவர்கள்தான் என்பது அவர் கட்சி. அதனால் மீனம் யோசியாமை. நான் மீன ராசி. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு நாள் மனப்பாடம் செய்துவிட்டு அழித்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் ஆர்டர் நெருக்கியது. முதலாளி அண்ணாச்சி வந்து, "ஏலே, தட்டு போடணும், பைல் எல்லாம் பாத்துட்டியா?" என்றார். "பாத்துட்டேன் அண்ணாச்சி" என்றேன். பிழை திருத்துகிறவனே செய்கிற பிழையை யார் திருத்துவது? இதுவும் ஒரு பெரிய அரசியல் கேள்விதான். பன்னிரண்டு பேரும் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பதிலும் அன்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

சிவகாசியில் தாள் கட்டு எல்லோருக்கும் ஒன்றுதான், மேலே ஒட்டுகிற அட்டைதான் கடைக்குக் கடை மாறும். ஆகவே மளிகைக் கடை, நகைக் கடை, பட்டாசுக் கம்பெனி என்று எல்லார் பெயரிலும் அந்தப் புதன்கிழமை கிளம்பிப் போய்விட்டது. அழிக்க மறந்தது எனக்கு நினைவிலேயே இல்லை. நான் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

பெண் ஏழாயிரம்பண்ணையில். பெயர் பாண்டிச்செல்வி. பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா குருசாமி, ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். ஆறடி உயரம், நரைத்த கிருதா, அதிகம் பேச மாட்டார். நான் காலண்டர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன் என்றதும் அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. கோயில் பூசாரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நான் ஒரு நாளும் காலண்டர் பாக்காம வாசப்படி தாண்டுறதில்ல மாப்ள" என்றார். "மத்த கம்பெனிக் காலண்டர்ல தப்புத் தப்பா போடுதாக. உங்களுதுல அப்படி இருக்காதுல்ல?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அடக்கமாகச் சிரித்திருக்கலாம். பெண் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள் என்ற நினைப்பில், "நான் பாக்காம ஒரு எழுத்து வெளிய போகாது" என்றேன்.

அவருக்கு அது போதுமாக இருந்தது. எழுந்து போய், சுவரில் தொங்கிய எங்கள் அச்சகத்துக் காலண்டர் அட்டையில் அச்சடித்திருந்த முகூர்த்த நாள் பட்டியலில் விரலை ஓட்டி, நிச்சயதார்த்தத்துக்கு வைகாசியில் ஒரு புதன்கிழமையைக் குறித்தார். என் அப்பாவும் தலையாட்டினார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. செல்வியை எனக்கு அப்போதே ரொம்பப் பிடித்துவிட்டது. காபி கொடுக்கும்போது, "எம்.ஏ.ல என்ன பாடம்?" என்று கேட்ட ஒரே பெண் அவள்தான். அதற்கு முன் பார்த்த இரண்டு வீட்டிலும் சம்பளத்தைத்தான் கேட்டார்கள்.

சந்தோஷமாக அறைக்குத் திரும்பி, அந்த நல்ல நாளுக்கு என்ன பலன் போட்டிருக்கிறோம் என்று ஆசையாகத் தாள்களைத் தூக்கிப் பார்த்தேன்.

மேஷம் பயம். ரிஷபம் சொத்து.

ஜாதகப் பரிமாற்றத்தில் பார்த்தது நினைவுக்கு வந்தது. மாமனார் மேஷம். செல்வி மகரம். நிச்சயதார்த்தத்தன்று காலையில் அந்த மனிதர் குளித்துவிட்டு வந்து காலண்டரைப் பார்ப்பார். தனக்குப் பயம், பெண்ணுக்கு அந்நியமாதல், மாப்பிள்ளைக்கு யோசியாமை. அதற்கு மேல் அந்த வீட்டில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கிடைக்காது.

அடுத்த சில வாரங்கள் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். தினமும் ஒரு தாள் கிழியும், அந்தப் புதன்கிழமை ஒரு நாள் கிட்டே வரும். நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு திட்டத்துக்கு வந்தேன். அதே மாதிரித் தாளில், பன்னிரண்டு ராசிக்கும் அமிர்தமான சொற்களாகப் போட்டு (மேஷம் பெருமை, மகரம் மங்களம்), ஒரே ஒரு பிரதி எடுத்தேன். திங்கட்கிழமை பகலில் குருசாமி வேலைக்குப் போயிருப்பார். போய், தண்ணீர் குடிக்கிற சாக்கில் பழைய தாளை உருவிவிட்டுப் புதியதைச் செருகிவிட்டு வந்துவிட வேண்டியது. கடன் வாங்கிய பைக்கில் கிளம்பினேன்.

செல்விதான் கதவைத் திறந்தாள். அவளுடைய அம்மா கோயிலுக்குப் போயிருந்தாராம்.

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். தண்ணி குடிச்சிட்டுப் போலாம்னு" என்றேன்.

"சிவகாசியில தண்ணி இல்லையா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். குரலில் சிரிப்பு இருந்தது.

காலண்டர் உயரத்தில் தொங்கியது. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். செவ்வாய் வரைக்கும் மடக்கிப் பிடித்துக்கொண்டு, புதன்கிழமையை மட்டும் மெதுவாக இழுத்தேன். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தேன். எங்கள் அச்சகத்தில் தாள் கட்டை அட்டையோடு சேர்த்து எவ்வளவு கெட்டியாகப் பின் அடிக்கிறார்கள் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். மூன்றாவது இழுப்பில் புதன்கிழமை தனியாகக் கையோடு வந்தது. கூடவே பின்னும் கழன்று, மார்கழி வரைக்கும் உள்ள மொத்தக் கட்டும் வந்தது. நாற்காலியின் ஒரு கால் விரிந்தது. நான் வருஷத்தில் மிச்சமிருந்த நாட்களையெல்லாம் மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் விழுந்தேன்.

செம்போடு வந்த செல்வி அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் வெளியே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

இங்கே எனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. பட்டாசு ஆலையில் மேகம் கட்டினால் வேலையை நிறுத்திவிடுவார்கள். மின்னல் பயம். ஆலை இருக்கிற வெம்பக்கோட்டைப் பக்கம் பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது, எல்லோரையும் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நான் வானத்தையே பார்க்காமல் வண்டி ஓட்டியிருக்கிறேன். குருசாமி முன்னால் வந்தார். மழைக்கு ஒதுங்கலாம் என்று அவர் பின்னால் அவருடைய பகுதியில் வேலை பார்க்கிற ஏழெட்டுப் பெண்கள், கையில் தூக்குவாளிகளோடு. எல்லோரும் வரிசையாக நின்று தரையில் கிடந்த மாப்பிள்ளையைப் பார்த்தார்கள்.

"என்ன மாப்ள, கீழ உக்காந்திருக்கீக?" என்றார் குருசாமி.

"சும்மாதான் மாமா."

அவர் என் கையிலிருந்த கட்டை வாங்கினார். மறு கையில் கசங்கிய புதன்கிழமையையும் வாங்கினார். பாக்கெட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு புதன்கிழமையையும் உருவினார். (பெருமை, மங்களம்.) இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மழை ஓட்டின் மேல் விழ ஆரம்பித்தது.

"ஒரு நாளுக்கு ரெண்டு தாளு இருக்கே" என்றார். "எது நெசம்?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆதியோடு அந்தமாகச் சொல்லிவிட்டேன். தேர்வு, மனப்பாடம், பன்னிரண்டு பேர், அவர்களுடைய பெயர்கள், தேசங்கள் எல்லாம். பெயர்களைக் கேட்கக் கேட்க குருசாமியின் புருவம் ஏறிக்கொண்டே போனது. நான் முடித்ததும், பின்னால் நின்ற ஒரு அம்மா, மெலிந்தவர், கையெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளி நிறம் ஏறியிருந்தது, தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார். பேச்சியம்மாள் என்று பிறகு தெரிந்தது.

"அதிருக்கட்டும். கடகத்துக்கு என்னண்ணே போட்டிருக்கு?" என்று குருசாமியைக் கேட்டார்.

"பொது விருப்பம்" என்று படித்தார் அவர்.

"அப்படின்னா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெட்கம்கெட்டவன் என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணம் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, ஆனால் இரண்டு வருஷத்தில் முதல் முறையாக ஒருவர் என்னிடம் அரசியல் தத்துவத்தில் சந்தேகம் கேட்கிறார். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஒரு ஊர்ல ஆளாளுக்கு ஒன்னு வேணும்னு நினைப்பாங்க. அதையெல்லாம் கூட்டிப் பாத்தா சண்டைதான் வரும். ஆனா எல்லாருக்கும் சேர்ந்து நல்லது எதுவோ, அது ஒன்னு இருக்குமாம். அதுக்கு எல்லாரும் கட்டுப்படணுமாம். ராஜாகூட."

பேச்சியம்மாள், "ம்" என்றார். அதற்குள் இன்னொரு பெண், சண்முகத்தாய், "எனக்குக் கும்பம்" என்றார்.

"கண்காணிப்பு. அதாவது, ஒருத்தன் எப்பவும் பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதில்ல. பாக்கான்னு நம்ம நினைச்சாலே போதும், நம்மளே நம்மளை அடக்கிக்குவோம்னு..."

"அது நம்ம பேக்கிங் ரூம் கேமராவுல்ல" என்றார் சண்முகத்தாய், பக்கத்துப் பெண்ணிடம். "அது ரெண்டு வருசமா ஓடலையாம்த்தா. நாமதான் அதுக்குப் பயந்து குனிஞ்ச தலை நிமிராம கெடக்கோம்."

இதை விளக்க எங்கள் பேராசிரியர் மூன்று வகுப்பு எடுத்துக்கொண்டார். பாதிப்பேர் தூங்கினார்கள்.

"மகரம்?" என்றாள் செல்வி.

"அந்நியமாதல்" என்றேன். "ஒருத்தர் கையால ஒன்னைச் செய்யுதாரு. செஞ்சது அவருது இல்ல. எங்க போகுது, யாருக்குப் போகுதுன்னு அவருக்குத் தெரியாது. நாள் முழுக்க அதையே செஞ்சு, கடைசியில அவருக்கு அந்த வேலையும் அந்நியம், செஞ்ச பொருளும் அந்நியம், அவரே அவருக்கு அந்நியம்."

பேச்சியம்மாள் தன் வெள்ளிக் கையைப் பார்த்தார்.

"வானத்துல போயி பூப்பூவா விரியுமே, அந்த வெடிக்கு மருந்து செலுத்துறது நாந்தான், பதினோரு வருசமா" என்றார். "ஒரு நாளும் அது மேல போயி வெடிச்சு நான் பாத்ததில்ல தம்பி. தீவாளிக்கு வாங்கவா முடியுது. இதுக்கு ஒரு பேரு வச்சிருக்காகளா அங்கன?"

அந்தச் சொல்லை ஐந்து மதிப்பெண் கேள்வியாக மட்டுமே அதுவரை நான் அறிந்திருந்தேன்.

"சரி, போதும்" என்றார் குருசாமி. "மேஷத்துக்குப் பயம்னு போட்டிருக்கே, அது ஜோசியர் போட்டதா, உங்க ஆளு போட்டதா?"

"எங்க ஆளுதான் மாமா. பயத்துல எல்லாரும் சேர்ந்து ஒருத்தர் கையில அதிகாரத்தைக் கொடுத்துருவாங்க, அவரு சொன்னபடி கேப்பாங்கன்னு..."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குப் புரியவில்லை. பேச்சியம்மாள்தான் புரியவைத்தார்.

"அண்ணன் தெனம் காலையில வேன்ல வச்சே எங்களுக்கு ராசி பலன் படிப்பாரு தம்பி. எல்லார் ராசியும் அவருக்கு மனப்பாடம். பயம், தடை, கவனம்னு வந்துச்சுன்னா அவளை லேபிள் ஒட்ட அனுப்பிருவாரு. வெற்றி, லாபம், நலம்னு வந்துச்சுன்னா மருந்து செலுத்துற ரூமு, வெடி விபத்துன்னா மொதல்ல அங்கனதான். நல்ல நேரம் உள்ளவ அங்கன இருந்தா ஒன்னும் ஆகாதுன்னு." கொஞ்சம் நிறுத்தினார். "அதனால எங்களுக்கு நல்ல பலன் வந்தாத்தான் கெட்ட நேரம். வெற்றின்னு வந்துரக் கூடாது சாமின்னு கும்பிட்டுட்டுதான் வேன் ஏறுதது."

இவ்வளவு நேரமும் என் பயம் கல்யாணத்தைப் பற்றியது. இப்போது வந்தது வேறு பயம். நாலாயிரத்துச் சொச்சம் சொற்களில் விட்டுப்போன இடங்கள். கைக்கு வந்தபடி நான் போட்ட வெற்றிகள். டீ குடித்துக்கொண்டே போட்ட லாபங்கள். தத்துவ அறிஞர்களின் சொற்கள் எப்படிக் கடல் தாண்டிப் போய் மனிதர்களை ஆள்கின்றன என்று நான் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், என்னுடைய சொற்கள் ஏழாயிரம்பண்ணையிலிருந்து ஒரு வேனில் ஏறிப்போய், பேச்சியம்மாளை மருந்து அறையில் உட்காரவைத்துக்கொண்டிருந்தன.

சொல்லாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

"மாமா, ஜோசியர் விட்டுப்போன இடத்துல எல்லாம் நானே ஒரு வார்த்தை போட்டுருவேன்" என்றேன். "ரெண்டு வருசமா."

குருசாமி என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அதற்குப் பிறகு நான் யாரிடமும் பார்த்ததில்லை. கோபமாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"பேச்சிக்கு வெற்றின்னு வந்ததெல்லாம் ஜோசியர் எழுதினதா, நீங்க எழுதினதா?"

"தெரியல மாமா."

அவர் காலண்டர் கட்டைத் தரையில் வைத்தார். "என் கையில ஒரு புள்ளைக்கும் ஒன்னும் ஆகலை, இத்தனை வருசத்துல" என்றார், யாரையும் பார்க்காமல். "இதை நம்பித்தான் ஓட்டுனேன்."

"அது நீங்க பக்கத்துல நின்னு பாத்துப் பாத்து வேலை வாங்குனதால ஆகலைண்ணே. காலண்டரால இல்ல" என்றார் பேச்சியம்மாள். பிறகு என் பக்கம் ஒரு கையை நீட்டி, "இந்தத் தம்பி சொன்னாரே, எல்லாருக்கும் சேர்ந்து நல்லதுன்னு. எங்களுக்கு ஒன்னு இருக்கு. மொறை வச்சிப் பிரிங்க. இன்னைக்கு நான், நாளைக்கு அவ. ராசியப் பாத்துப் பிரிக்காதீக" என்றார். மற்ற எல்லோரும் ஓரடி முன்னால் வந்து நின்றார்கள்.

குருசாமி மழையிலேயே வெளியே இறங்கிப் போய்விட்டார்.

நான் நாற்காலிக் காலைப் பொருத்தப் பார்த்தேன். முடியவில்லை. செல்வி செம்பை நீட்டினாள்.

"தண்ணி குடிக்கத்தான வந்தீக" என்றாள். குடித்தேன். "மீனத்துக்கு என்ன போட்டீக?"

"யோசியாமை."

அவள் சிரிக்கவில்லை. "அதை மட்டும் ஜோசியர்கூட இம்புட்டுச் சரியா எழுத மாட்டாரு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அச்சகத்தில் என் மேசையில் உட்கார்ந்திருந்தேன். நிச்சயதார்த்தம் நின்றுவிட்டதாக அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு வாசலில் குருசாமி நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதைக் கட்டம் போட்டு அடிச்சுக் குடுங்க. பெரிய எழுத்தா. ரூமுல ஒட்டணும்" என்றார்.

பிரித்தேன். கிழமை வாரியாக மருந்து செலுத்தும் அறைக்கு முறைப் பட்டியல். ஒரு அறைக்கு நாலு பேர். அவருடைய கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. பேச்சியம்மாள், சண்முகத்தாய் என்று பெயர்கள் வரிசையாகப் போயின. திங்கட்கிழமை வரிசையில் முதல் பெயர் குருசாமி.

"மாமா, போர்மேன் பேரும் இருக்கே" என்றேன். "ஒரு வேளை தெரியாம..."

"தெரிஞ்சுதான் எழுதினேன். ராஜாவும் கட்டுப்படணும்னு சொன்னீகல்ல." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் அந்த ரூமுல உக்காந்து பதினஞ்சு வருசமாச்சு. பேச்சி போற எடத்துக்கு நான் போகாம, மத்தவ பேரை எப்படி எழுதுறது?"

என் கண் கலங்கியது. கணினித் திரையை வெகு நேரம் துடைத்தேன். அவரும் அதைப் பார்க்காதது போல நின்றார். தட்டச்சு செய்து முடித்ததும் ஒவ்வொரு பெயரின் மேலும் விரலை வைத்து மூன்று முறை சரிபார்த்தேன். அவரும் சரிபார்த்தார். அண்ணாச்சியைக் கூப்பிட்டு அவரையும் சரிபார்க்கச் சொன்னேன். (அதிகாரத்தை ஓர் ஆள் கையில் விடக் கூடாது என்ற பிரெஞ்சுக்காரருக்கு மிதுனத்தில் இடம் கொடுத்திருந்தேன். அன்றுதான் அவர் எனக்குப் புரிந்தார்.)

கிளம்பும்போது வாசலில் திரும்பினார். "நாளைக்கு ஒம்போது மணிக்கு வந்துருங்க. ஒன்னு மட்டும். நேத்து நீங்க சொன்ன அந்த ஆளுக பேரை இனிமே நம்ம வீட்டுல எடுக்கக் கூடாது. ஒரு மத்தியானத்துல எம்புட்டு வேலை பாத்துட்டாக."

புதன்கிழமை நிச்சயதார்த்தம் நடந்தது. வேனில் வந்த பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், அவரவர் ராசிச் சொல்லோடு. தட்டு மாற்றும்போது சண்முகத்தாய் பின்னாலிருந்து, "கண்காணிப்பு இங்கன இருக்கு, சரியா மாத்துங்க" என்றார். மற்றபடி, அத்தனை வீடுகளில் ஐரோப்பியச் சிந்தனை தொங்கிய அந்த நாளில் அச்சகத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் மொத்தம் இரண்டு. ஒருவர் ராகு காலம் கேட்டார். இன்னொருவர், அந்நியமாதல் நல்லதா கெட்டதா என்று கேட்டார். அண்ணாச்சி, "வெளிநாடு போற யோகம்" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு அதற்குப் பிறகுதான் திட்டு விழுந்தது.

தேர்வில் நான் மூன்றாவது முறையும் தோற்றேன். இப்போதும் பிழைதான் திருத்துகிறேன். ஜோதிடர் விட்டுப்போன இடத்துக்கு அவருக்கே போன் போடுகிறேன், அவர் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பிக் கேட்கிறேன். கல்யாணமான முதல் தீபாவளிக்கு மாமனார் ஆலையிலிருந்து ஒரு பெரிய வாண வெடியை வாங்கிவந்து, பேச்சியம்மாள் வீட்டு வாசலில் வைத்து அவர் கையாலேயே பற்றவைக்கச் சொன்னார். அது மேலே போய் விரிந்தது. பேச்சியம்மாள் ரொம்ப நேரம் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "கொஞ்சம் எடது பக்கமா சாஞ்சு போச்சு. திரி வச்சவ யாரு?" என்று கேட்டார்.

செல்வி இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. எங்கள் வீட்டில் தினமும் காலையில் தாளைக் கிழிப்பது அவள்தான். கிழித்துவிட்டு எல்லோருடைய பலனையும் சத்தமாகப் படிப்பாள். மகளுக்கு அன்றைக்கு என்ன போட்டிருக்கிறதோ அது, அவளுக்கு என்ன போட்டிருக்கிறதோ அது. எனக்கு மட்டும் வருஷத்தின் எல்லா நாளும் ஒரே பலன்தான். லாபம் என்று அச்சாகியிருந்தாலும், நானே கண்ணால் பார்த்துச் சரிசெய்து அனுப்பியதாகவே இருந்தாலும், அவள் தாளை ஒரு முறை பார்த்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்துவிட்டுப் படிப்பாள்: "மீனம், யோசியாமை."

நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன். அது நல்லதுக்குத்தான்.